தலைக்கு ஒரு சட்டம்

1

சென்ற கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பி நேசனைப் பொலிஸ் மறித்தது.

இந்த வரியை வாசித்ததும் ஊரிலுள்ள என் வயதுக்காரர்களுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றிருக்கும். எனக்கும் அப்படித்தான் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை. இது மெல்பேர்ண். அவன் சைக்கிளில் தலைக்கவசம் போடாமல் போனான், அவ்வளவுதான் குற்றம். இந்த நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமல்ல, மிதிக்கிற சைக்கிளுக்கும் அது கட்டாயம்.

நான் வேலை முடிந்து வந்து பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவன் சைக்கிளைக் கராஜுக்குள் விட்டுவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, என்னைப் பொலிஸ் மறிச்சது.”

அகப்பையை வைத்துவிட்டேன். “ஏன்? என்ன கேட்டவை?”

“என்ர தலையைப் பற்றிக் கேட்டவ. பொம்பிளைப் பொலிஸ். உங்கட தலைக்கு ஏதும் நடந்தா என்ன செய்வீங்கள் எண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்னனி?”

“அது ஏற்கெனவே நடந்திட்டுது எண்டு சொன்னன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அறுபது தாண்டிவிட்டது, தாடி நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

நான் அன்று நெடுநேரம் அடுப்படியில் நின்றேன். போர் நடந்த ஆண்டுகளில் கண்டியில் என் கணவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் காவலரணுக்கு வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். நாட்டின் சட்டம் போடச் சொன்னது, இராணுவத்தின் துவக்கு கழற்றச் சொன்னது. போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, கடைசியில் அவர் அதை முழங்கையில் கொழுவிக்கொண்டே ஓடப் பழகிவிட்டார். தலையைவிட முகம் பெரிதாக இருந்த காலம். இங்கே ஓர் அரசாங்கம் சீருடையில் ஆளனுப்பி என் தம்பியின் தலைச் சுகத்தை விசாரிக்கிறது. வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் இது எனக்குப் பழகவில்லை. பழகிவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

2

தண்டக் கடிதம் வந்தது. விளக்கம் சொன்னால் தள்ளுபடி செய்யக்கூடும் என்று அதில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்தேன். மறுமுனையில் ஓர் இளம்பெண். தம்பியின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். பாதி வழியில் நானே எழுத்தைத் தவறவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தலைக்கவசம் போடாததற்குக் காரணம் சமயமா, மருத்துவமா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். அப்படியென்றால் வேறு காரணம் என்ன என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்ற நேசனைப் பார்த்தேன். அவன் கையை விரித்தான். மறதி என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறதி தள்ளுபடிக்குரிய காரணமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மகள் மதுரா சாப்பிட வந்தாள். அவள் இங்கே பிறந்தவள். நகரத்தின் மறுகோடியில் ஒரு நகரசபையில் வீதித் திட்டமிடல் வேலை. தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். எங்களோடு பேசுகிற தமிழ் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுக்கிற தமிழ். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் துருப்பிடித்து வரும், சாப்பிட்டு முடிக்கையில் சரியாகிவிடும்.

“மாமா இந்த ஃபைனைக் கட்டக் கூடாது. சட்டமே பிழை” என்றாள்.

“தலையைக் காப்பாத்தச் சொல்லுறது பிழையோ?”

“அம்மா, நான் ஹொலண்டிலை படிக்கேக்க பார்த்தனான். அங்க ஒருத்தரும் ஹெல்மெற் போடுறேல்லை. ஏனெண்டா அங்க றோட்டைச் சரியாப் போட்டிருக்கினம். இங்க றோட்டைத் திருத்தாமல் எங்களைத் தொப்பி போடச் சொல்லுகினம். அந்தச் சட்டத்தாலயே கனபேர் சைக்கிளை விட்டிட்டினம். சைக்கிள் குறையக் குறைய மிச்சம் ஓடுறவைக்குத்தான் ஆபத்து.”

“உன்ர மாமாவின்ர தலையைத் தொட்டுப் பார்த்திட்டுக் கதை.”

அவள் முகம் சுருங்கியது. நேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மணம் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் கறியைத் தெரிவுசெய்வான்.

எங்கள் நகரசபை இந்தச் சட்டத்தைப் பற்றித் தன் கருத்தை மாநில அரசுக்கு அனுப்பவிருக்கிறது என்றும், அதற்கு முன் நூலக மண்டபத்தில் குடியிருப்பாளர்களைக் கேட்கப்போகிறார்கள் என்றும் மதுராதான் சொன்னாள். தான் அங்கே வந்து பேசப்போவதாகவும் சொன்னாள்.

“அப்ப நானும் பேசுவன்” என்றேன்.

“நீங்களோ? இங்கிலீசிலையோ?”

“இங்கிலீசிலைதான்.”

3

மாமா சைக்கிளில் விழுந்தவர், தலையில் அடிபட்டவர். மதுராவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முழுவதையும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது கதையோடு வரும்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். ஹந்தானைக்கு ஏறுகிற வீதியில், ஆஸ்பத்திரிக்கு மேலே, ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பு எரிகிறது என்று வானொலி சொல்லாததை அயலவர்கள் சொன்னார்கள். அடுத்து வந்த ஒரு காலையில் எங்கள் முற்றத்திலிருந்து பார்க்க நகரத்தில் ஓரிடத்தில் புகை எழுந்தது. பிறகு இன்னோரிடத்தில். வாவிக்கு மேலே வானம் கறுத்தது. அப்பா கச்சேரியில் இருந்தார்.

நேசனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா வாசலை மறித்து நிற்க, அவன் பின்பக்கத்தால் சைக்கிளை எடுத்தான்.

“அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று கத்திவிட்டு இறக்கத்தில் விட்டான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. இதை எத்தனையோ பேரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் மண்டை உடைந்து கிடந்தால் யார் செய்தார்கள் என்றுதான் உலகம் கேட்கும். ஒருவரும் செய்யவில்லை. பிறேக் கம்பி அறுந்தது. வளைவில் திரும்ப முடியாமல் மதகுக் கல்லில் தலை மோதியது. ஊரெல்லாம் மனிதர்கள் மனிதரைத் தேடிப் போய்க் கொன்றுகொண்டிருந்த நாளில், என் தம்பி வெறும் கல்லில் விழுந்து செத்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கண்டவள் மாரியாயி. தேயிலைத் தோட்டத்துக்காரி. லயன் வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் அன்று வேலைக்குப் போகாமல் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தது. சத்தம் கேட்டதும் அவள் மட்டும் எழுந்து வெளியே வந்தாள். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய வீதியின் நடுவில் உட்கார்ந்து, தலைத் துணியை அவிழ்த்து அவன் மண்டையைச் சுற்றிக் கட்டினாள். தன் புருஷனை எங்கள் வீட்டுக்கு ஓடவிட்டாள். நாங்கள் ஓடிப்போனபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உசிரு இருக்கும்மா. அழுவாதீங்க. லொறிய கூட்டியாங்க, மொதல்ல லொறிய கூட்டியாங்க.”

லொறி என்று அவள் சொன்னது எங்கள் அயலில் இருந்த குணபாலவின் லொறியை. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றுகிற சாரதி, சிங்களவர். அதற்கு முன் நாங்கள் அவரோடு பேசியது தண்ணீர்க் குழாய் விஷயமாக மட்டும். நான் போய் நின்றதும் அவர் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார். அவருடைய மனைவி என்னை உள்ளே இழுத்து, சிங்களப் பெண்கள் உடுக்கிற விதமாகத் தன்னுடைய கண்டிச் சேலையை எனக்குச் சுற்றிவிட்டாள். என் நெற்றிப் பொட்டைத் தன் உள்ளங்கையால் துடைத்தாள். அம்மாவைத் தன் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினாள்.

“கதைக்க வேணாம், நங்கி” என்றார் குணபால. தங்கச்சி என்று அவர் என்னை அழைத்தது அதுவே முதல் தடவை. “வாய் திறக்கவே வேணாம்.”

லொறியின் பின்பக்கத்தில் கொழுந்துச் சாக்குகளின் மேல் அவனைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு சந்தி. சந்தியில் ஒரு தமிழருடைய கடை எரிந்துகொண்டிருந்தது. வீதிக்குக் குறுக்கே ரயர்கள் எரிந்தன. லொறி நின்றது.

“அக்காகே புத்தா. பைசிகலென் வெட்டுணா” என்று குணபால முன்னாலிருந்து சொல்வது கேட்டது. அக்காவின் மகன், சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான்.

பார்க்க வேண்டும் என்று ஒருவன் பின்பக்கம் ஏறினான். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் நீலக் கோடு போட்ட சாரம். கையில் பெற்றோல் கான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நேசனின் தலையைப் பார்த்தான். துணி நனைந்து என் மடியெல்லாம் ஊறியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவன், கானைக் கீழே வைத்தான். முழந்தாளிட்டு உட்கார்ந்தான். நான் பிடித்திருந்த விதம் பிழை என்பதுபோல என் கைகளை மெல்ல விலக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை ஏந்திக்கொண்டான். வெளியே திரும்பி ரயர்களை இழுக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். அவர்கள் இழுத்தார்கள். லொறி நகர்ந்தது.

“ஒளுவ பரிஸ்ஸமென்” என்று குணபாலவுக்குக் குரல் கொடுத்தான். தலை கவனம் என்று பொருள்.

ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்து லொறி குலுங்கியது. என்னை அறியாமல் என் வாயிலிருந்து, “ஐயோ, மெதுவா” என்று வந்துவிட்டது. தமிழில்.

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான். பொட்டுத் துடைத்த இடம் இன்னும் சிவந்திருந்திருக்கும். அந்தப் பார்வையின் நீளத்தை என்னால் இன்றைக்கும் அளக்க முடியவில்லை.  ஆனால் அவன் கைகள் அசையவில்லை. நேசனின் தலை அந்தக் கைகளுக்குள் அப்படியே இருந்தது. பிறகு அவன் மீண்டும் குனிந்து தலையைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை வேறெங்கும் பார்க்கவில்லை.

வாசலில் ஊழியர்களிடம் தலையைக் கைமாற்றிக் கொடுத்தான். கையைச் சாரத்தில் துடைத்தான். லொறிக்குள் சரிந்து கிடந்த கானை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்து போனான்.

அன்று பின்னேரம் எங்கள் வீடு எரிந்தது. எரித்தவர்களில் அவனும் இருந்தானா என்று எனக்குத் தெரியாது.

4

மதுராவுக்குச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அந்த வாரத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவர்கள், கணவனைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்தக் கைகளைப் பற்றி எப்படிப் பேசுவது? நன்றி என்று சொல்ல நாக்கு வராது. மறைக்கவும் மனம் வராது. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஊரடங்குச் சட்டத்தில் வீட்டுக்குப் போகாமல் நின்ற ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் அவன் மண்டையில் துளையிட்டு, உள்ளே கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைக் கச்சேரியில் கூட வேலைசெய்தவர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். நேசன் உயிரோடு வந்தான். மணம் போய்விட்டது. சொற்கள் சில போய்விட்டன, தேடித் தேடி எடுப்பான். இடது கை வலுவிழந்தது. அகதிகளாகப் பள்ளிக்கூடமொன்றில் நாங்கள் படுத்திருந்தபோது ஊர் முழுக்க எரிந்த மணம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் காற்று நல்லாயிருக்கிறது என்று யன்னலடியில் உட்கார்ந்திருந்தான்.

5

நூலக மண்டபத்தில் ஒரு நாற்பது, ஐம்பது பேர். கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதலில் பேசிய முதியவர் ஒருவர், என் தலை என்னுடையது, அரசாங்கத்துக்கு அதில் என்ன வேலை என்றார். சிலர் கை தட்டினார்கள். பிறகு நான் எழுந்தேன்.

மேலே எழுதியிருப்பதைத்தான் சொன்னேன், என்னிடமிருந்த ஆங்கிலத்தில். வைத்தியர் மண்டையோட்டைத் திறந்தார் என்று சொல்ல வந்த இடத்தில் ‘ஸ்கல்’ என்பது என் வாயில் ‘ஸ்கூல்’ என்று விழுந்துவிட்டது. அந்த முதியவர் மிகுந்த அக்கறையோடு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். மதுரா எழுந்து திருத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்றோல் கான் வரைக்கும் கேட்டவர்களுக்கு அதன் பிறகு சிரிப்பு வராது.

முடிக்கும்போது இப்படிச் சொன்னேன். அன்றைக்கு என் தம்பியின் தலைக்குச் சட்டம் இருக்கவில்லை. சந்தியில் யார் நிற்கிறான், அவன் மனம் அந்த நேரம் எப்படி இருக்கிறது, அதுதான் சட்டம். எங்களுக்கு வாய்த்தது. பக்கத்துச் சந்தியில் இன்னொருவருக்கு வாய்க்கவில்லை. பெயர் கேட்காமல், பொட்டுப் பார்க்காமல், எல்லாத் தலைக்கும் ஒரே அளவாகக் கவலைப்படுகிற சட்டத்தை நான் முதன்முதலில் இங்கேதான் கண்டேன். அதை எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது மதுராவின் முறை. அவள் கொண்டுவந்த காகிதங்கள் மடியில் கிடந்தன. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் எழுந்தாள். அம்மா சொன்னதை இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, சட்டம் எல்லாத் தலையையும் ஒரே மாதிரிப் பார்க்கிறது என்பதை மட்டும் தன்னால் ஏற்க முடியவில்லை என்றாள். மாமாவை மறித்த அதே பாதையில், கவசமில்லாமல் போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தான் வாராவாரம் காண்பதாகவும், அவர்களை யாரும் மறித்துத் தான் கண்டதில்லை என்றும் சொன்னாள். இங்கேயும் சந்தியில் நிற்பது ஒரு மனிதர்தானே என்று கேட்டாள்.

 எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பேர் முன்னால் என் பிள்ளை என்னை மறுத்து நின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உட்காரப் போனவள், நின்று, நேசன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

“மாமா, நீங்கள் ஏன் ஹெல்மெற் போடேல்லை?”

மண்டபம் புரியாமல் காத்திருந்தது. நேசன் சொல்லைத் தேடினான்.

“கட்டேலாது, பிள்ளை.”

“என்ன கட்டேலாது?”

“இந்த... இந்த நாடிக்குக் கீழ வாறது. வார். அதைக் கொழுவ ரெண்டு கை வேணும். இந்தக் கை சைக்கிளைப் பிடிக்கும். சின்னச் சாமானை அமத்தாது.” இடது கையை உயர்த்திக் காட்டினான். “அக்கா நிக்கிற நாளிலை அக்கா கொழுவி விடுவா. அவ வேலைக்குப் போற நாளிலை ஒருத்தரும் இல்லை.”

“ஏன் மாமா சொல்லேல்லை?”

“ஒருத்தரும் கேக்கேல்லையே. தலையைப் பற்றித்தான் கேட்டவை.”

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். எத்தனையோ நாள் அந்த வாரைக் கொழுவிவிட்ட நான், நான் நிற்காத நாளில் அவன் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மதுரா அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.  என் தலை என்னுடையது என்ற முதியவர் எழுந்து வந்து, நேசனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

6

நகரசபை இரண்டு தரப்பையும் எழுதி மேலே அனுப்பியது. சட்டம் இருந்தபடியே இருக்கிறது. தண்டத்தை நேசன் கட்டிவிட்டான், மதுரா தடுக்கவில்லை. அவள் இப்போது ஞாயிறுகளில் முன்னதாக வருகிறாள். மாரியாயிக்கு என்ன ஆனது, குணபால இருக்கிறாரா என்று கேட்கிறாள். மாரியாயி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது, அதற்குப் பிறகு தெரியாது. குணபாலவின் மனைவியோடு நான் வருடப் பிறப்புக்குப் பேசுகிறேன். மதுராவின் தமிழ் இந்தக் கேள்விகளால் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

ஒரு கையால் பூட்டக்கூடிய காந்த வார் வைத்த தலைக்கவசம் ஒன்றை எங்கேயோ தேடி எடுப்பித்துக் கொடுத்தாள். நேசன் போட்டுப் பார்த்தான். தானே பூட்டினான், திறந்தான். மிகவும் நல்ல சாமான் என்றான். துடைத்து அலுமாரியில் வைத்துவிட்டான்.

அவன் என்ன செய்கிறான் என்று ஒரு காலை பின்வேலியடியில் நின்று பார்த்தேன். ஓடைக்கரைப் பாதை எங்கள் பின்தெருவில்தான் தொடங்குகிறது. பழைய கவசத்தைத் தலையில் வைத்து, வார்கள் இரண்டும் தொங்க, சைக்கிளைப் பிடித்தபடி பாதைத் தொடக்கத்தில் நிற்கிறான். யாராவது வருவார்கள். நாயோடு வருகிற வியட்நாம்காரக் கிழவர், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிற தாய். சில நாள் அந்தப் பொம்பிளைப் பொலிசும் என்று சொன்னான். முதலில் யார் வந்தாலும் அவரிடம் கொழுவிவிடச் சொல்லிக் கேட்பான். கேட்க வேண்டிய சொல் கிடைக்காவிட்டால் வாரைத் தூக்கிக் காட்டுவான். நான் வீட்டில் நிற்கிற நாட்களிலும் இப்போது என்னிடம் கேட்பதில்லை.

அன்று ஓடிவந்தவன் ஓர் இளைஞன். இதற்கு முன் அவனை நான் அந்தப் பக்கத்தில் கண்டதில்லை. வியர்வை வழிய நின்றான். காதில் செருகியிருந்ததை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான். கையைத் தன் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நேசனுக்கு முன்னால் குனிந்தான். என் தம்பி கண்ணை மூடி, நாடியை உயர்த்திக் கொடுத்தான்.